பச்சோந்தியின் இரவு வெப்பநிலை

பச்சோந்தி என்பது ஊர்வன வகுப்பைச் சேர்ந்த, மரத்தில் வாழும் பல்லியினம் ஆகும். இந்தியாவில் இயற்கையாகக் காணப்படும் ஒரே இனம் இந்தியப் பச்சோந்தி (அறிவியற் பெயர்: கமேலியோ சைலானிக்கசு). இது இலங்கையின் உலர்வலயத்திலும் பாக்கித்தானின் சில பகுதிகளிலும் உண்டு. தமிழகத்தில் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் போன்ற வறண்ட வட்டாரங்களின் வேலமரங்களிலும் புதர்க்காடுகளிலும் வாழ்கிறது. பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பவர்கள் இரவில் அதற்குக் குளிருமோ என அஞ்சி விளக்கு வைத்துச் சூடேற்றுவது உண்டு. இவ்வட்டாரத்தின் தட்பவெப்பத்தில் அச்சூடு தேவையற்றது. பல வேளைகளில் தீங்கானதும் கூட.

உடல் வெப்பம்

பறவைகளும் பாலூட்டிகளும் தம் உடலுக்கு வேண்டிய வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக் கொள்கின்றன. பச்சோந்தி வெப்பத்தைப் புறத்திலிருந்து பெறுகிறது. காலையில் உடலைக் கருநிறமாக்கி, பக்கவாட்டில் தட்டையாக்கி, வெயில் படும்படி திரும்பி அமர்ந்து சூடேற்றிக் கொள்கிறது. போதிய சூடு ஏறியபின் நிறம் வெளிறுகிறது அல்லது விலங்கு நிழலுக்கு நகர்கிறது. அது நிறம் மாறுவது சுற்றுப்புறத்தோடு ஒன்றிப்போவதற்காக என்ற பரவலான கருத்து சரியன்று. உடல் வெப்பம், அச்சம், சினம், இணைசேர்தல் ஆகியனவே நிறமாற்றத்தின் முதன்மைக் காரணங்கள். செனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாசுக்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். அதன் தோலில் குவானின் என்னும் பொருளாலான நுண்படிகங்களைக் கொண்ட உயிரணுக்கள் இரண்டு அடுக்குகளாக உள்ளன. மேலடுக்கின் படிக இடைவெளி மாறும்போது நிறம் மாறுகிறது. கீழடுக்கு கதிரவனின் அகச்சிவப்புக் கதிர்களில் பெரும்பகுதியைத் தெறித்து விடுகிறது. இது வெப்பத்திலிருந்து காப்பாக அமையக்கூடும் என அவர்கள் கருதினர்.

குளிர்ந்த காலையில் இரை தேடுவதற்கும் இவ்விலங்கிடம் ஏற்பாடு உண்டு. யேமன் பச்சோந்தியில் ஆண்டர்சன், தெபன் ஆகியோர் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. வெப்பநிலை 10 பாகை குறைந்தபோது நாக்கை எறியும் திறன் 10 முதல் 19 விழுக்காடு மட்டுமே குறைந்தது. நாக்கைத் திரும்ப இழுக்கும் திறனோ 42 முதல் 63 விழுக்காடு வரை குறைந்தது. எறிதல், வில்லை முன்பே வளைத்து விடுவதைப் போல, மீள்திசுவில் சேர்த்து வைத்த ஆற்றலால் நிகழ்கிறது. இழுத்தல் தசையின் வேலை. தசை குளிரில் மந்தமாகும்.

இரவு உறக்கம்

பகலில் திரட்டிய வெப்பம் இரவில் படிப்படியாக இறங்குகிறது. இது நோயன்று, விலங்கின் இயல்பான ஓய்வு. வெப்பம் குறைய வளர்சிதைமாற்றம் குறைகிறது, ஆற்றலும் நீரும் மிச்சமாகின்றன. பச்சோந்தி மெல்லிய கிளையின் நுனிக்குச் சென்று, வாலைச் சுருட்டி, கண்களை மூடி அசையாமல் உறங்கும். அப்போது நிறம் மிகவும் வெளிறிவிடும். ஆய்வாளர்கள் இரவில் கைவிளக்குடன் சென்று பச்சோந்திகளைக் கணக்கெடுக்க முடிவது இந்த வெளிர்நிறத்தால்தான். ஆனால் இதே தோற்றத்தைக் கண்டு, விலங்கு குளிரில் விறைத்துவிட்டது என எண்ணி வீட்டுக்கு எடுத்துச் செல்வோரும் உண்டு. வெளிறிய நிறமும் மூடிய கண்ணும் இரவில் நலத்தின் அடையாளம். பகலில் கண்மூடிக் கிடந்தால் மட்டுமே அது நோயைக் குறிக்கும்.

விருதுநகர் வட்டாரத்தின் நிலை

சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதற்கு அதன் வறண்ட காற்றும் நீண்ட வெயில் நாட்களும் பெரிதும் துணைநின்றன. ஐயநாடார், சண்முக நாடார் ஆகியோர் கல்கத்தாவில் தொழில் கற்று 1923இல் ஊர் திரும்பியபின் தொடங்கிய தொழில் இது. பட்டாசுத் தொழில் இதன் வழியே பின்னர் வளர்ந்தது. குச்சியையும் வெடியையும் உலர வைத்த அதே வெயில் இரவையும் வெப்பமாகவே வைத்திருக்கிறது. மார்கழி, தை மாதங்களிலும் சமவெளியில் இரவு வெப்பநிலை பொதுவாக 20 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். இந்தியப் பச்சோந்திக்கு இது குளிரே அன்று.

இங்கு விலங்குக்கு உள்ள உண்மையான இடர் நீரிழப்பு ஆகும். பச்சோந்தி பெரும்பாலும் கிண்ணத்து நீரைக் குடிப்பதில்லை. இலைமேல் நிற்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடிக்கிறது. மூடிய பெட்டியில் இரவு முழுதும் விளக்கு எரிந்தால் காற்று மேலும் உலரும், பனித்துளியும் இராது. கண்கள் குழிவிழுதல், தோல் மடிந்து நிற்றல் ஆகியன இதன் அறிகுறிகள்.

கோழிக்குஞ்சுகளைக் குண்டு பல்பின்கீழ் வைத்துக் காப்பது சிற்றூர்களில் அறிந்த வழக்கம். அதே முறையைப் பச்சோந்திக்கும் கையாள்வது இயல்பாகத் தோன்றலாம், ஆயினும் ஒப்புமை பொருந்தாது. குஞ்சு எந்நேரமும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டிய உயிர். இறகு முளைக்கும்வரை அதை அதனால் காத்துக்கொள்ள இயலாது. பச்சோந்திக்குப் பகல் சூடும் இரவுத் தணிவும் மாறி மாறி வேண்டும்.

வெளிநாட்டு வளர்ப்பு முறைகள்

குளிர்நாடுகளில் யேமன் பச்சோந்தி, சிறுத்தைப் பச்சோந்தி, கென்யாவின் மலைப்பகுதியைச் சேர்ந்த மூன்று கொம்புள்ள சாக்சன் பச்சோந்தி ஆகியவற்றை வீட்டில் வளர்க்கின்றனர். அங்கும் இரவில் வெப்பத்தைச் சில பாகைகள் இறங்க விடுவதே நல்ல முறை எனக் கொள்ளப்படுகிறது. சாக்சன் பச்சோந்தி தன் மலையில் குளிர்ந்த இரவுகளுக்குப் பழகியது. அதற்கு இரவுச் சூடு கேடு தரும். அறை மிகவும் குளிரும் இடங்களில் ஒளி தராத பீங்கான் வெப்பமூட்டியை, தெர்மோசுடாட்டுடன் இணைத்து, விலங்கு தொடமுடியாத உயரத்தில் பொருத்துவர். சிவப்பு விளக்கு விலங்கின் கண்ணுக்குப் படாது என்று விற்கப்பட்டாலும், நிறங்களை நன்கு காணும் பச்சோந்தியின் உறக்கத்தை அது கலைக்கக்கூடும். சூடாக்கும் கற்கள் வயிற்றைச் சுட்டுப் புண்ணாக்கும்.

சட்ட நிலை

இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றமாகும். எனவே அதை இரவில் எப்படிச் சூடாக வைப்பது என்ற கேள்விக்குச் சட்டப்படி இடமே இல்லை. அடிபட்டோ, நாய், காக்கை துரத்தியோ கிடைத்தால், ஒரு சிறு கிளையுடன் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறையினரிடம் ஒப்படைக்கலாம். காயமில்லாதது எனில் கண்ட இடத்துக்கு அருகிலுள்ள மரத்தில் ஏற்றிவிட்டாலே போதும். தரையில் மெதுவாக நடந்து செல்வது பல நேரங்களில் முட்டையிட மண் தேடும் பெண்ணாக இருக்கும். அது மண்ணைத் தோண்டி 10 முதல் 30 வரை முட்டைகள் இட்டு மூடிவிட்டு மரத்துக்குத் திரும்பும். பச்சோந்திக்கு நஞ்சு உண்டு என்ற நம்பிக்கையால் கல்லெறிந்து கொல்வதும் நடக்கிறது. அதற்கு நஞ்சு கிடையாது.

யேமன், சிறுத்தைப் பச்சோந்திகள் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. இப்பட்டியல்களில் அடங்கிய வெளிநாட்டு விலங்குகளை இந்தியாவில் வைத்திருப்போர், 2022இல் திருத்தப்பட்ட சட்டத்தின்கீழ் 2024இல் வந்த விதிகளின்படி அவற்றை அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.