தாத்தா நிறுத்திய மாத்திரை

எங்க ஊர் தளவாய்புரம், ராஜபாளையம் பக்கம். நைட்டி தைக்கிற ஊருன்னு சொன்னா பல பேருக்குப் புரியும். எங்க தாத்தாவும் தையல் மெஷின்ல உட்கார்ந்தவர்தான். 2009-ல ஒரு நாள் காலையில மெஷினை விட்டு எழுந்தவர் அப்படியே சரிஞ்சிட்டார். பக்கவாதம். அப்புறம் ரெண்டு வருஷம் கட்டில்தான்.

கொடுமை என்னன்னா, அவருக்குப் பிரஷர் இருக்கிறது முன்னாடியே தெரியும். மாத்திரையும் கொடுத்திருந்தாங்க. "எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே, எதுக்குத் தெனம் முழுங்கணும்?"னு நிறுத்திட்டார். நிறுத்தினது வீட்ல யாருக்கும் தெரியாது. கருவி இருந்தது, மருந்து இருந்தது, அப்புறம் எங்கே ஓட்டை? ரொம்ப நாளா மண்டையைக் குடைந்த கேள்வி இது.

சரி, கொஞ்சம் பின்னாடி போவோம். கையில் பட்டை கட்டிக் காற்றடித்து அளக்கும் முறையை 1896-ல் கொண்டு வந்தவர் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி. ஸ்டெதாஸ்கோப் வைத்து நாடிச் சத்தம் கேட்டு மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் எடுக்கலாம் என்று 1905-ல் சொன்னவர் ரஷ்யாவின் கொரோட்காஃப். மருந்து விஷயத்தில் நம்ம நாட்டுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தி வேர் பிரஷரைக் குறைக்கிறது என்று 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதியவர் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல். அதிலிருந்து 1952-ல் ரெசர்பைன் பிரித்தெடுக்கப்பட்டது.

ஆனாலும், வயசானா பிரஷர் ஏறத்தான் செய்யும், அதை ஏன் குறைக்கணும் என்ற எண்ணம் டாக்டர்கள் மத்தியிலேயே ரொம்ப காலம் இருந்தது. 1991-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு அதை உடைத்தது. 60 வயது தாண்டியவர்களுக்கு மேல் அளவைக் குறைத்தபோது பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 80 தாண்டியவர்களுக்கும் பலன் உண்டு என்று 2008-ல் தெரிந்தது.

இப்போ நம்ம மாவட்டக் கதை. உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தில், இதயநோய்த் தடுப்புக்காகப் பிரஷர் கண்டுபிடிக்கும் முன்னோட்டம் 2007-ல் தொடங்கியது இரண்டே மாவட்டங்களில். ஒன்று சிவகங்கை, இன்னொன்று எங்க விருதுநகர்! 2012 முதல் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. ஆனால் நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்தால்தான் கணக்கு. வராமல் நின்று போன தாத்தாக்களை யார் தேடுவது?

அந்த ஓட்டையைத்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அடைக்கப் பார்த்தது. மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துட்டுப் போறார். அதுக்கு முந்தின வருஷம், கொரோனா ஊரடங்கு நேரத்துல, வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் இ-சஞ்சீவனி வந்தாச்சு. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டியும், ஏற்கெனவே சாப்பிடும் பிரஷர் மாத்திரையோடு இன்னொன்றைச் சேர்த்து எழுதித் தர டாக்டருக்கு இடம் கொடுத்தது.

இப்போ ஆச்சிக்கு 78. நான் சென்னையில் பொட்டி தட்டுறேன். வீட்ல ஒரு மெஷின் வாங்கி வெச்சிருக்கேன். காலையில அளந்து போன்ல சொல்வாங்க. ஒரு நாள் "172"ன்னாங்க. எனக்கு வேர்த்துருச்சு. விசாரிச்சா, தண்ணிக் குடத்தைத் தூக்கி வெச்ச கையோட அளந்திருக்காங்க :-) அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரச் சொல்லி மறுபடி பார்த்தா 138.

ஆனா போன்ல எல்லாம் தெரிஞ்சிடாது. ஆச்சிக்குக் கணுக்கால் வீங்கியிருந்ததை எண்களைப் பார்த்து நான் கண்டுபிடிக்கலை. வீட்டுக்கு வந்த தன்னார்வலர் அக்காதான் பார்த்துட்டு டாக்டர்கிட்ட போகச் சொன்னாங்க. அம்லோடிபின் மாத்திரையால வர்ற வீக்கமாம், டாக்டர் மாத்திக் கொடுத்தார். ஆச்சி தானா நிறுத்தலை, அதான் எனக்குப் பெரிய நிம்மதி.

அந்த அக்கா ஆச்சியைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "மாத்திரை போட்டீங்களா?" 2009-ல எங்க தாத்தாகிட்ட அதைக் கேட்க ஆள் இல்லை. பக்கத்துலயே இருந்த நாங்களும் கேட்கலை.

உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு இன்னிக்குப் பேசும்போது அதை ஒரு தடவை கேட்டுருங்க.