தூக்கும்போது கீழே யார்?

சிவில் படித்துவிட்டு கோட் எழுதப் போனவன் நான். நான்கு வருடப் படிப்பில் இன்னும் மனதில் நிற்பவை கொஞ்சம்தான். அதில் ஒன்று லிஃப்ட் ஸ்லாப்.

மாடி கட்ட வழக்கமாக என்ன செய்வோம்? முட்டுக்கொடுத்து, சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, இறுகும்வரை காத்திருப்போம். ஒவ்வொரு மாடிக்கும் இதே பாடு. 1940களின் கடைசியில் அமெரிக்காவில் இரண்டு பேர் இதைத் தலைகீழாக யோசித்தார்கள். ஒருவர் பிலிப் யூட்ஸ், புரூக்ளின் மியூசியத்தின் இயக்குநராக இருந்த கட்டடக்கலைஞர். இன்னொருவர் டாம் ஸ்லிக், டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரர். பின்னாளில் பனிமனிதனைத் தேடி நேபாளத்துக்குப் போனாரே, அதே ஆள்தான்!

முறை இதுதான். முதலில் இரும்புத் தூண்களை நட்டுவிட வேண்டும். பிறகு எல்லா மாடித் தளங்களையும் தரையிலேயே, தோசை அடுக்குவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக வார்க்க வேண்டும். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு பூச்சு. இறுகியதும், தூண்களின்மேல் வைத்த ஹைட்ராலிக் ஜாக்கிகள் கம்பிகளைப் பிடித்துத் தளங்களை அங்குலம் அங்குலமாக மேலே இழுக்கும். உரிய உயரம் வந்ததும் ஆப்பு வைத்து, வெல்டிங் அடித்துவிட்டால் மாடி ரெடி. சென்ட்ரிங் செலவு மிச்சம். வேலையில் பெரும்பகுதி தரையிலேயே முடிந்துவிடும். 1950களின் தொடக்கத்தில் சான் அன்டோனியோவின் டிரினிட்டி பல்கலைக்கழகக் கட்டடங்கள் இப்படித்தான் எழுந்தன.

1987 ஏப்ரல் 23, மதியம் ஒன்றரை மணி வாக்கில், கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் லாம்பியன்ஸ் பிளாசா சரிந்தது. முடிந்திருந்தால் 16 தளம். மேற்குப் பகுதியில் மூன்று தளங்களைச் சேர்த்துத் தூக்கி, ஆப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். சில விநாடிகளில் மொத்தக் கட்டடமும் தரைமட்டம். 28 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அமைப்பு ஆராய்ந்தது. ஒரு தூணருகே தளத்தைத் தாங்கிய இரும்புக் கோணம் வளைந்து, ஜாக்கிக் கம்பி நழுவியிருக்க வேண்டும். அந்த எடை பக்கத்துத் தூண்களுக்குத் தாவி, எல்லாம் வரிசையாகப் போயிருக்க வேண்டும் என்றது. வேறு வல்லுநர்கள் வேறு காரணங்கள் சொன்னார்கள். எந்தக் காரணத்தை எடுத்துக்கொண்டாலும் ஒன்று மாறாது: விழுந்தது முடிந்த கட்டடம் இல்லை, பாதியில் இருந்த கட்டடம்.

எங்கள் தொழிலிலும் பயம் அங்கேதான். பழைய டேட்டாபேஸ் ஓடும், புதியதும் ஓடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற அந்த இரவில்தான் தூக்கம் வராது. ஆனால் எங்களுக்கு ரோல்பேக் இருக்கிறது. தப்பானால் பழைய நிலைக்குத் திரும்பி, காலையில் மன்னிப்பு மெயில் அனுப்பலாம். ஆப்பில் நிற்கும் கான்கிரீட்டுக்கு அந்த வசதி இல்லை.

கனெக்டிகட் இந்த முறையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. 1990இல் மத்திய அரசின் பாதுகாப்பு விதி வந்தது. கட்டடத்தைப் போதிய அளவு வலுப்படுத்தியிருந்தால் தவிர, ஜாக்கி தூக்கும்போது அந்த வேலைக்குக் கட்டாயம் தேவையானவர்கள் மட்டுமே உள்ளே இருக்கலாம்.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இதற்குக் கணக்கு வேண்டுமா, கணினி வேண்டுமா? மேலே கனம் தொங்கும்போது கீழே நிற்காதே என்பதை யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உயரத்தில் செய்ய வேண்டிய வேலையைத் தரைக்குக் கொண்டுவந்தது இந்த முறையின் பெருமை. தரையில் நிற்பவன் தலைக்குமேல் என்ன தொங்குகிறது என்பது விதியாக எழுதப்பட, 28 உயிர் போக வேண்டியிருந்தது.