கடைசி பெஞ்சுக் கேள்விக்கு நாற்பது வருடம் கழித்து ஒரு பதில்



ஒரு கடனைத் தீர்க்க இதை எழுதுகிறேன். எண்பதுகளின் தொடக்கம். பத்தாம் வகுப்பில் ஒலி அலைகள் நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் கடைசி பெஞ்சில் இருந்தவன் எழுந்தான். "சார், இங்கிலீஷ் படத்துல அமெரிக்கா கார் எல்லாம் குடுகுடுன்னு உறுமுது. ரேஸ் கார் மட்டும் வீர்ர்ர்னு கத்துது. ஏன் சார்?" என்றான். நான், "அது பெரிய எஞ்சின், தடித்த குரல். இது சின்ன எஞ்சின், கீச்சுக் குரல். உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் அதற்குப் பிறகு என்னிடம் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

என் பதில் தவறு. போன மாதம் பேரன் பழைய ரேஸ் கார்களின் ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டியபோதுதான் எவ்வளவு தவறு என்று புரிந்தது. ஃபோர்டு கம்பெனியின் 4.7 லிட்டர் வி8 எஞ்சின். அதே எஞ்சின் மஸ்டாங்கிலும் உண்டு, ஜிடி40 என்ற பந்தயக் காரிலும் உண்டு. ரேஸுக்காக அதை முறுக்கேற்றியிருப்பார்கள், சரி. ஆனால் அளவு அதே, சிலிண்டர் அதே எட்டு, வெடிக்கும் வரிசையும் அதே. மஸ்டாங் குடுகுடுக்கிறது. ஜிடி40 வீறிடுகிறது. இந்த வித்தியாசத்தில் பெரும் பங்கு எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் புகைக்குழாய்களுடையது.

கொஞ்சம் கையை மேசைமேல் வையுங்கள்.

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் எல்லாச் சிலிண்டரும் ஒரு முறை வெடித்து முடிக்கக் கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி சுற்ற வேண்டும். எட்டு சிலிண்டர் என்றால் 90 டிகிரிக்கு ஒரு வெடி. ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் மாதிரி, சீராக. ஆனால் வி8 எஞ்சினில் நாலு சிலிண்டர் வலப்பக்கம், நாலு இடப்பக்கம். ஃபோர்டில் வலப்பக்கத்துக்கு 1 முதல் 4 வரை எண், இடப்பக்கத்துக்கு 5 முதல் 8. வெடிக்கும் வரிசை 1-5-4-2-6-3-7-8. இதைக் கையால் தட்டினால்: வலது, இடது, வலது, வலது, இடது, வலது, இடது, இடது. மேல்நாட்டில் டிரம் படிக்கிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் 'பாராடிடில்' பாடமும் அட்சரம் பிசகாமல் இதேதான்! இதைப் பார்த்தபோது எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது.

இரண்டு கையும் சேர்ந்தால் தாளம் சீர். இப்போது இடது கையை எடுத்துவிட்டு, வலது கை அடிகளை மட்டும் தட்டுங்கள். 1, 3, 4, 6. அப்புறம் ஒரு நீண்ட இடைவெளி. தட், தட்தட், தட்... தட், தட்தட், தட்... நொண்டி நடை. ஒரு பக்கத்து நாலு சிலிண்டரையும் ஒரே குழாயில் சேர்த்து வெளியே விட்டால், அந்தக் குழாயின் வாயில் கேட்பது இந்த நொண்டிதான். அமெரிக்கக் காரின் குடுகுடுப்பு அதுவே.

கணக்கும் போட்டுவிடுவோம். நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் வினாடிக்கு 100 சுற்று, மொத்தம் 400 வெடிகள். ஒரு பக்கத்துக்கு 200. ஆனால் அந்த நொண்டி நடை ஒரு முறை முழுதாகத் திரும்பி வர இரண்டு சுற்று ஆகிறது. அதாவது வினாடிக்கு 50 தடவைதான். காது அந்த 50ஐயும், அதன் மடங்குகளான 100, 150ஐயும் பிடித்துக்கொள்கிறது. அடிவயிற்றில் அதிர்கிறதே, அது அங்கிருந்து வருவது. அதே 200 வெடிகளும் சம இடைவெளியில் வந்தால் அடிப்படைச் சுரம் 200. ஐம்பதுக்கும் இருநூறுக்கும் நடுவே இரண்டு ஸ்தாயி!

இந்த நொண்டி எங்கிருந்து வந்தது? 1914இல் காடிலாக் நிறுவனம் கொண்டுவந்த வி8 எஞ்சினில் கிராங்க் தட்டையானது. முன்னாலிருந்து பார்த்தால் ஒரே கோடு. இரண்டு நாலு சிலிண்டர் எஞ்சின்களை ஒட்டவைத்த மாதிரி. ஒவ்வொரு பக்கமும் சீராக வெடிக்கும். ஆனால் நாலு சிலிண்டரின் நடுக்கமும் கூடவே வரும். பணக்காரர்கள் வாங்கும் காரில் நடுக்கம் ஆகுமா? 1923இல் காடிலாக் கிராங்கைக் கூட்டல் குறி போல மாற்றியது. நடுக்கம் போயிற்று, தாளம் நொண்டியாயிற்று. 1932இல் ஃபோர்டு மலிவு விலையில் வி8 விற்க ஆரம்பித்ததும் அந்தச் சத்தம் நாடு முழுக்கப் பரவியது. சுகமான சவாரிக்காகச் செய்த மாற்றம்தான் பிற்பாடு முரட்டுக் கார்களின் அடையாளக் குரலாக ஆனது.

பந்தயக்காரர்களுக்கு இது தலைவலி. சிலிண்டரின் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் பாய்கிறது. சூடான வாயு என்பதால் அதன் வேகம் வினாடிக்கு 500 மீட்டருக்கும் மேல். குழாய் அகலமாகும் இடத்தில், அதாவது நாலு குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தில், அலை திரும்புகிறது. திரும்பும்போது அழுத்தம் உறிஞ்சலாக மாறிவிடும். (திறந்த முனைக் குழாயில் அலை தலைகீழாகத் திரும்பும் என்று நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா?) அந்த உறிஞ்சல் சரியான நேரத்தில் வால்வுக்கு வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை இழுத்து வெளியே போட்டு, புதுக் காற்றுக்கு இடம் செய்யும். சும்மா கிடைக்கிற சக்தி. அதற்குக் குழாய்களின் நீளம் அளந்து வைத்தது போல இருக்க வேண்டும், வெடிகளும் சீராக வர வேண்டும். ஒரே பக்கத்தில் 4ஆம் சிலிண்டரும் 2ஆம் சிலிண்டரும் அடுத்தடுத்து வெடித்தால், ஒன்றின் புகை மற்றொன்றின் வழியில் வந்து நிற்கும்.

இதற்கு ஒரு வழி உண்டு. பக்கம் பார்த்துச் சேர்க்காமல் தாளம் பார்த்துச் சேர்ப்பது. மறுபடி மேசைக்கு வாருங்கள். எட்டு அடிகளில் 1, 3, 5, 7ஐ ஒரு கூட்டாகவும் 2, 4, 6, 8ஐ மற்றொரு கூட்டாகவும் பிரியுங்கள். ஒவ்வொரு கூட்டிலும் 180 டிகிரிக்கு ஓர் அடி, சீராக. எந்தச் சிலிண்டர்கள் பக்கம் மாற வேண்டும்? வலப்பக்கத்தில் நடுவில் உள்ள 2ம் 3ம் இடப்பக்கத்துக்கு, இடப்பக்கத்தில் நடுவில் உள்ள 6ம் 7ம் வலப்பக்கத்துக்கு. ஜிடி40இல் செய்தது இதுதான். எட்டுக் குழாய்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வளைந்து, குறுக்கே பின்னி, பின்பக்கம் கியர்பாக்ஸுக்கு மேலே இரண்டு வாயாக முடிகின்றன. பார்த்தவர்கள் 'பாம்புக் கட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள், வேறு பெயர் தோன்றாது.

எல்லாக் காரிலும் ஏன் இப்படிச் செய்யவில்லை? இடமில்லை. முன்பக்க எஞ்சின் காரில் இத்தனை குழாய்களை எங்கே கொண்டுபோய்ப் பின்னுவது? ஜிடி40இன் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முடிந்தது. அந்தக் காரின் உயரமே 40 அங்குலம்தான், பெயரில் உள்ள 40 அதுவே. சாலைக் கார்களில் இரண்டு பக்கத்துக் குழாய்களையும் நடுவில் ஒரு குறுக்குக் குழாயால் இணைத்து நொண்டியைக் கொஞ்சம் மழுப்புவார்கள், அவ்வளவுதான். ஷெல்பியின் டேடோனா கூப் காரும் அதே 4.7 லிட்டர் ஃபோர்டு எஞ்சினோடு 1964இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலாவதாக வந்தது. அதில் குழாய்கள் பக்கவாட்டில், அந்தந்தப் பக்கத்துப் புகை அந்தந்தப் பக்கமே. அது குடுகுடுத்தே ஜெயித்தது.

ஐரோப்பாவில் வேறு வழி பார்த்தார்கள். 1960களின் தொடக்கத்தில் கோவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனத்தின் 1.5 லிட்டர் ஃபார்முலா ஒன் எஞ்சினிலும் முதலில் கூட்டல் குறி கிராங்க், குறுக்கே பின்னிய குழாய்கள். 1963இல் தட்டைக் கிராங்குக்கு மாறினார்கள், பின்னல் தேவைப்படாமல் போயிற்று. நடுக்கம் இருந்தால் இருக்கட்டும், பந்தய ஓட்டுநருக்குச் சொகுசு எதற்கு! ஃபெராரியின் பன்னிரண்டு சிலிண்டர் கார்களுக்கோ இந்தக் கவலையே இல்லை. ஒரு பக்கத்து ஆறு சிலிண்டரும் 120 டிகிரிக்கு ஒன்றாகத் தானே சீராக வெடிக்கும்.

1966இல் லெ மானில் ஃபோர்டு முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. அந்தக் கார்களில் 7 லிட்டர் எஞ்சின், அதிலும் பாம்புக் கட்டு. ஏழு லிட்டர்! என் பதில்படி அது இடி மாதிரி அல்லவா உறுமியிருக்க வேண்டும்? அவன் கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். 1968இலும் 1969இலும் ஒரே ஜிடி40, ஆம், அதே ஒற்றைக் கார், இரண்டு முறை ஜெயித்தது. இரண்டாம் முறை 24 மணி நேரம் ஓடிய பிறகு இரண்டாவதாக வந்த போர்ஷேக்கும் அதற்கும் இடைவெளி சுமார் 120 மீட்டர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, யாரும் அந்தச் சத்தத்துக்காக அந்தக் குழாய்களை வளைக்கவில்லை என்பது. தேடியது சக்தி. குரல் கூடவே வந்தது. பிற்பாடு மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களில் பொறியாளர்கள் உட்கார்ந்து சத்தத்தையே சுருதி சேர்த்தார்கள், அது தனிக் கதை.

அந்தப் பையன் நம் பழைய மாணவர் குழுவில் இல்லை. யாருக்காவது தொடர்பு இருந்தால் இதை அனுப்பிவையுங்கள். சார் தப்பாகச் சொல்லிவிட்டார், கேள்வி சரியானது என்று சொல்லுங்கள். பெயரை இங்கே போடவில்லை. அன்று வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

மற்றவர்கள் முதலில் மஸ்டாங், பிறகு ஜிடி40 என்ற வரிசையில் கேளுங்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் அந்த 50 வராது.