ஆலயத் தரையும் அதன் அடித்தளமும்

இவ்விழா மலரில் கோபுரம், பீடம், மணி, தேர் ஆகியவற்றைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்டதோ ஞாயிறுதோறும் நாம் முழந்தாளிடும் தரை. அதிலும் சிறப்பாக, தரைக் கற்களுக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் அடித்தளம். யூபிலியை முன்னிட்டு நம் ஆலயத் தரையைப் பெயர்த்தெடுக்க நேர்ந்தபோது நாம் கற்ற பாடமே இக்கட்டுரை.

சிப்பிச் சுண்ணாம்பின் காலம்

நாவலூருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும், அதற்கப்பால் முட்டுக்காட்டு உப்பங்கழியும், கோவளம் கடற்கரையும் உள்ளன. கடலும் கழியும் ஒதுக்கும் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது இக்கரையோரத்துப் பழந்தொழில். கோவளத்தில் ஜான் டி மான்டி என்னும் வணிகர் கார்மேல் அன்னைக்கு ஆலயம் எழுப்பிய ஆண்டு 1808. போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் உரிமம் வழங்கப்பட்டதே 1824இல்தான். ஆகவே அந்நாளில் சுவருக்கும் தரைக்கும் சுண்ணாம்பே துணை.

அன்று தரை போட்ட முறையை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். முதலில் மண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குவர். மணல் பரப்பித் தண்ணீர் விட்டு மீண்டும் இடிப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடிப்பர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் தெளிப்பதுண்டு. அடிக்கும் கட்டை துள்ளி எழும்பினால்தான் தளம் இறுகியதென்று மேஸ்திரி ஒப்புக்கொள்வார். செங்கற்பொடியாகிய சுர்க்கியைச் சேர்த்தால் சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர்.

இம்முறை நமக்கு மட்டும் உரியதன்று. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த உரோமைக் கட்டடக் கலைஞர் வித்ரூவியுஸ் தம் நூலில் இதையே விளக்குகிறார். அடியில் கைப்பிடி அளவுக் கற்கள்; அதன்மேல் மூன்று பங்கு ஜல்லிக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து அடித்த தளம்; அதற்கும் மேலே மூன்று பங்கு ஓட்டுப்பொடிக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு; இவற்றுக்குப் பிறகே தரைக் கல். உரோமையின் ஓட்டுப்பொடியும் நம் சுர்க்கியும் உடன்பிறப்புகள் என்றால் அது மிகையாகாது.

சிமெண்டு வந்த பின்

1904இல் சென்னையில் கடற்சிப்பியைக் கொண்டு சிமெண்டு செய்யும் முயற்சி நடந்தது, அது நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் தொடங்கிய உற்பத்தி நிலைத்தது. நாட்கணக்கில் அடிக்க வேண்டிய வேலையைச் சிமெண்டு எளிதாக்கியது. சிமெண்டினாலேயே மொசைக் கற்களும், காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வார்க்கும் பூக்கற்களும் வந்தன. இவை சிறிது நீர் குடிக்கும் கற்களாதலால் அடியிலுள்ள கலவையை நன்கு பற்றிக்கொண்டன.

பின்னர் வந்த விட்ரிஃபைடு டைல்ஸ் வேறு இனம். அது தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு நீரைக்கூடக் குடிப்பதில்லை. ஆகவே வெறும் சிமெண்டுப் பால் அதை உறுதியாகப் பற்றுவதில்லை. இதற்கென்றே ஒட்டுப்பசைகள் வந்தன. அவற்றுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 15477, 2004இல் வெளியாயிற்று.

நாம் செய்த பிழை

இதையெல்லாம் அறியாமல், சில ஆண்டுகளுக்கு முன் பழைய மொசைக்கின் மேலேயே கலவை கொட்டி, பளபளக்கும் டைல்ஸ் பதித்தோம். சுவரோரம் இடைவெளி விடவில்லை. செலவு குறைந்ததென மகிழ்ந்தோம். வெயில் கடுமையான ஒரு மே மாதத்தில் வெடிச் சத்தத்தோடு நடுவரிசைக் கற்கள் கூரைபோல் எழும்பின. நற்கருணை வாங்க வந்த மூதாட்டி ஒருவர் கால் இடறி விழுந்தார். குற்றம் கொத்தனாருடையதன்று, அவசரப்படுத்திய நம்முடையதே.

பெயர்த்துப் பார்த்தபோது வியப்பு காத்திருந்தது. பீடத்தின் முன்னே, முன்னோர் அடித்த சுண்ணாம்புத் தளத்தில் கடப்பாரை துள்ளியது. பிற்காலத்தில் நீட்டிய பகுதியிலோ மொசைக்கின் அடியில் இறுகாத மணலே இருந்தது. மண்ணின் உப்பு ஈரம் மேலேறி வெண்பூ பூத்திருந்தது. மணல்மேல் வீடு கட்டியவனின் உவமையை ஆண்டுதோறும் கேட்கும் நாம், நம் காலடியிலேயே அதைச் செய்திருந்தோம்!

இம்முறை செய்தது

பழைய சுண்ணாம்புத் தளத்தை அப்படியே காத்தோம். எஞ்சிய பகுதியைத் தோண்டி, மண்ணைத் திமிசு போட்டு, மணலை நனைத்து இறுக்கி, ஈரம் ஏறாதபடி கனத்த பாலிதீன் விரித்தோம். அதன்மேல் நான்கு அங்குலக் கனத்தில் 1:4:8 கான்கிரீட் இட்டு, ஏழு நாட்கள் தண்ணீர் கட்டி வைத்தோம். பழைய தளமும் புதிய தளமும் சேருமிடத்தில், இரண்டும் தனித்தனியே அசைய, மேலே வரை ஓர் இடைவெளி விட்டோம். மட்டக் கலவை பரப்பி, அது நன்கு காய்ந்த பின்னரே பசை தடவிக் கற்களைப் பதித்தோம். சுவரோரமும் தூண்களைச் சுற்றியும் சிறு இடைவெளி விட்டோம். முடிந்தபின் ஒவ்வொரு கல்லையும் நாணயத்தால் தட்டிப் பார்த்து, கொட்டுச் சத்தம் கேட்டவற்றை மாற்றினோம். இல்லத்தில் தரை போடும் பங்கு மக்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

ஒரு செய்தியைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. டைல்ஸுக்கு நன்கொடை தரப் பலர் முன்வந்தனர். அடியிலிடும் ஜல்லிக்கும் மணலுக்கும் கேட்டபோது பலரும் தயங்கினர். அங்கே பெயர் பொறிக்க இடமில்லை அல்லவா! இறுதியில் ஓர் அன்பியத்தார் அச்செலவு முழுவதையும் ஏற்றனர். பெயர் வேண்டாமென்றும் கூறிவிட்டனர். பீடத்தடியில் தளம் அடித்த அந்நாளைய பெண்களின் பெயரும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆயினும் அவர்கள் அடித்த தளம் இன்றும் நம்மைத் தாங்குகிறது. இந்த யூபிலி நாளில் அவர்களையும் நன்றியோடு நினைவுகூர்வோமாக.