ஸ்டீவன்ஸ் – கேதர்வுட் பயணங்கள்

மாயா நாகரிகத்தை அதன் இடிபாடுகளுக்கே சென்று ஆராயும் மரபுக்கு வலுவான அடித்தளமிட்ட இரு பயணங்கள் (1839–1842). மேற்கொண்டவர்கள் அமெரிக்க வழக்கறிஞர் ஜான் லாயிட் ஸ்டீவன்ஸ், ஆங்கிலேய ஓவியர் பிரெடரிக் கேதர்வுட்.

1839இல் இருவரும் ஹொண்டுராஸ் காட்டில் மூடிக்கிடந்த கோப்பான் நகரை அடைந்தனர். தடையின்றி ஆராய்வதற்காக அந்த இடத்தையே ஸ்டீவன்ஸ் 50 டாலருக்கு வாங்கினார். சேற்றில் நின்று, கொசுக்கடிக்கு அஞ்சிக் கையுறை அணிந்து, கேதர்வுட் சிற்பத்தூண்களை வரைந்தார். ஐரோப்பியக் கலையில் பழகிய கைக்கு அவ்வுருவங்கள் முதலில் வசப்படவில்லை. பிறகு, அன்று எவராலும் படிக்க இயலாத எழுத்துகளையும் கோடு பிசகாமல் படியெடுத்தார். இப்பயணங்களின் பெருங்கொடை இதுவே.

அடுத்துப் பலெங்கே, உஷ்மால்; இரண்டாம் பயணத்தில் சிச்சென் இட்சா, துலும். 1841, 1843ஆம் ஆண்டுகளில் பயண நூல்கள் வெளிவந்தன. இந்நகரங்களை எகிப்தியர் போன்ற அயலார் கட்டினர் என்ற ஊகத்தை ஸ்டீவன்ஸ் மறுத்து, அம்மண்ணின் மக்களுடைய முன்னோரே கட்டினர் என்று எழுதினார். பிற்கால அகழாய்வுகள் அவர் பக்கமே நின்றன.

1842இல் நியூயார்க்கில் கேதர்வுட்டின் காட்சிக்கூடம் தீப்பற்றி எரிந்ததில், மூல ஓவியங்கள் பலவும் உஷ்மாலிலிருந்து கொண்டுவந்த செதுக்கு மர உத்தரமும் அழிந்தன.