நேரம் போடாத ட்வீட்

2015 டிசம்பர் 2, நள்ளிரவு தாண்டியிருக்கும். பெங்களூரில் ஒரு பி.ஜி. அறையில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். ஜாபர்கான்பேட்டையில் இருந்த சித்தியின் நம்பர் முதல் நாள் இரவிலிருந்தே போகவில்லை. அவளுக்கு ஒன்றும் செய்ய முடியாத ஆற்றாமையில், கண்ணில் பட்ட உதவிக் கோரிக்கைகளை எல்லாம் ரீட்வீட் செய்துகொண்டிருந்தேன். அதில் ஒன்று: முடிச்சூரில் மொட்டைமாடியில் ஒரு பாட்டியும் கைக்குழந்தையும், உடனே படகு வேண்டும். கீழே ஒரு தன்னார்வலரின் எண்.

ஏதோ தோன்றி அந்த எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தவருக்குக் குரலே இல்லை. "தம்பி, அவங்கள காலைலயே கூட்டிட்டு வந்துட்டோம். உங்கள மாதிரி எத்தனையோ பேர் கூப்ட்டாச்சு. சாயங்காலம் இன்னொரு படகு போய் வெறும் வீட்டப் பாத்துட்டு திரும்பிச்சு."

அந்தப் படகு வேறு எந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். தூக்கம் போய்விட்டது.

பேரிடர் நடுவே எப்படிப் பதிவிடுவது என்பதற்கு ஒரு சின்ன வரலாறு இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெஸ்ஸினா ட்விட்டரில் ஹேஷ்டேக் என்ற யோசனையை முன்வைத்தார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டே மாதத்தில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ பகுதியில் காட்டுத்தீ. அங்கே நேட் ரிட்டர் என்பவர் விடாமல் தகவல் எழுதிக்கொண்டிருந்தார். மெஸ்ஸினா சொன்னதன்பேரில் ஒவ்வொன்றிலும் #சான்டியேகோஃபயர் என்று சேர்த்தார். சிதறிக் கிடந்த வரிகளை ஒரே இடத்தில் தேடிப் படிக்க முடிந்தது.

ஹேஷ்டேக் 'எதைப் பற்றி' என்று மட்டும்தான் சொல்லும். யாருக்கு, எங்கே, என்ன வேண்டும், வேலை முடிந்ததா என்பதைச் சொல்லாது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த கேட் ஸ்டார்பேர்ட் 2009-இல் 'ட்வீக் தி ட்வீட்' என்ற முறையை உருவாக்கினார். தேவை, இடம், தொடர்பு எண் என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிச்சொல், எல்லாம் 140 எழுத்துக்குள். 2010 ஜனவரியில் ஹைட்டி பூகம்பம் வந்தபோது அதைப் பெரும்பாலும் பயன்படுத்தியது இடிபாடுகளுக்குள் இருந்தவர்கள் அல்ல. எங்கோ தூரத்தில் இருந்தவர்கள் சாதாரண ட்வீட்டுகளை எடுத்து அந்த வடிவத்துக்கு மாற்றி எழுதினார்கள். கழுத்தளவு தண்ணீரில் நிற்பவன் இலக்கணம் பார்த்து எழுதமாட்டான். அந்த வேலை என்னைப் போல அறைக்குள் பத்திரமாக உட்கார்ந்திருப்பவனுக்கு உரியது.

சென்னையிலும் அது நடந்தது. டிசம்பர் 1 மழையில் நகரம் முடங்கியது. விமான நிலையத்தை மூடினார்கள். 1878-இல் தொடங்கிய தி இந்து நாளிதழ் முதன்முறையாக ஒரு நாள் அச்சாகவில்லை. அந்த நாட்களில் முகம் தெரியாதவர்கள் கூகுள் ஷீட்டில் தங்குமிடம், சாப்பாடு, படகு என்று வரிசை வரிசையாக நிரப்பினார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் மூழ்கிய தெருக்களைக் குறித்தார்கள்.

வதந்திகளும் வந்தன. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றார்கள். பண்ணைக்காரர்களே மறுத்தார்கள். 2012-இல் சாண்டி புயலின்போது நியூயார்க் பங்குச்சந்தைக்குள் மூன்றடி தண்ணீர் என்று ஒருவர் ட்வீட் போட்டார், சிஎன்என் வரைக்கும் போனது. அதையும் மறுக்க ஆள் இருந்தது. பொய்யை யாராவது ஒருவர் மறுத்துவிடுவார். நான் பகிர்ந்தது பொய்யில்லையே! பாட்டி உண்மை, குழந்தை உண்மை, நம்பர்கூட உண்மை. காலாவதியான உண்மை. அதை மறுக்க யாருமில்லை, அதனாலேயே அது ஓடிக்கொண்டே இருந்தது.

அன்று இரவே என் பக்கத்தில் எழுதினேன்: "முடிச்சூர் பாட்டி, குழந்தை டிச. 2 காலையில் மீட்கப்பட்டுவிட்டார்கள். இனி பகிர வேண்டாம்." நான்கு பேர் பகிர்ந்தார்கள். பழைய கோரிக்கை நூற்றுக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. முடிந்துபோன விஷயத்தில் யாருக்கும் பதற்றமில்லை. இரண்டு நாள் கழித்து சித்தி யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு மாடியில்தான் இருந்திருக்கிறாள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ட்விட்டர் அதற்குள் எக்ஸ் ஆகியிருந்தது. மறுபடியும் ஒரு மொட்டைமாடி, ஒரு எண். இந்தமுறை முதலில் போன் செய்தேன். "இன்னும் யாரும் வரல சார்" என்றது ஒரு பெண் குரல். தெருவும் அடையாளமும் கேட்டுக்கொண்டு எழுதினேன்: "இரவு 9.40, பேசி உறுதிசெய்தது." பதினொன்றரைக்குத் திரும்பக் கூப்பிட்டேன். படகில் ஏறிவிட்டதாகச் சொன்னார். பதிவை அழித்துவிட்டுத்தான் படுத்தேன்.