1957 ஃப்ளூவும் குன்னூர் ஆய்வகமும்

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாஸ்டர் நிறுவனம் என்றதும் நம் பக்கத்துக்காரர்களுக்கு நாய்க்கடி ஊசிதான் நினைவுக்கு வரும். 1907-இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. இந்திய அரசின் இன்ஃப்ளூயன்சா மையம் அங்கேதான் இயங்கியது. 1957-இல் 'ஆசிய ஃப்ளூ' நாட்டுக்குள் நுழைந்தபோது, வந்திருக்கும் கிருமி எது என்று பார்க்கும் வேலை அந்த மலையூருக்கு வந்து சேர்ந்தது.

சீனாவில் தலைகாட்டிய காய்ச்சல் ஏப்ரலில் ஹாங்காங்கிலும், மே தொடக்கத்தில் சிங்கப்பூரிலும் பரவியது. அதே மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். பிறகு நாடு முழுவதும் பரவிவிட்டது. 1958 பிப்ரவரி வரை அரசுக் கணக்கில் ஏறியவர்கள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல். இறந்தவர்கள் ஏறத்தாழ 1,100 பேர். குன்னூர் மையத்தின் டாக்டர் ஐ.ஜி.கே. மேனன் இந்த விவரங்களை 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதினார்.

சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாத கிருமியை அந்தக் காலத்தில் எப்படிப் பிடித்தார்கள்? நோயாளி தொண்டையைக் கொப்பளித்த நீரைக் கருவுள்ள கோழி முட்டைக்குள் செலுத்தி வைரஸை வளர்ப்பார்கள். அதைக் கண்டுகொள்ளும் வழியை 1941-இல் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் காட்டியிருந்தார். முட்டை நீரில் கோழி ரத்தம் கலந்தபோது சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதை அவர் பார்த்தார். வைரஸ் இல்லாவிட்டால் சிவப்பணுக்கள் குழியின் அடியில் குங்குமப் பொட்டுப்போல் படியும். இருந்தால் வலைபோல் விரிந்து நிற்கும்.

ஒட்டவைத்தது வைரஸின் மேல் முள்முள்ளாக நிற்கும் ஒரு புரதம். ஹீமக்ளூட்டினின் என்று அதற்குப் பெயர். மூச்சுக்குழாய் செல்களின் மேலுள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளை அது பற்றிக்கொள்ளும். செல் அந்த வைரஸை ஒரு சிறு பைக்குள் விழுங்கும். பைக்குள் புளிப்பு ஏற ஏற, அதே புரதம் தன் வடிவத்தை மாற்றும். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக்கரண்டி போடுவோமே, அதுபோல உள்ளே மறைந்திருந்த முனை வெளியே பாய்ந்து பையின் சவ்வில் மாட்டும். பிறகு மடங்கி இழுத்து, வைரஸின் சவ்வையும் செல்லின் சவ்வையும் ஒன்றாக்கிவிடும். வைரஸின் மரபுப்பொருள் உள்ளே இறங்கிவிடும். புதிதாகப் பிறந்த வைரஸ்கள் வெளியேறும்போது ஒட்டிக்கொள்ளாதபடி அறுத்துவிடுவது நியூராமினிடேஸ் என்ற இன்னொரு புரதம்.

ஒருமுறை ஃப்ளூ வந்து போனால், இந்தப் பற்றும் புரதத்தை மறைத்துக்கொள்ளும் எதிர்ப்புப் பொருள் நம் ரத்தத்தில் தங்கும். 1957-இல் வந்த வைரஸில் இரண்டு புரதங்களுமே புதியவை. முந்தைய ஃப்ளூக்களால் உண்டான எதிர்ப்புப் பொருளால் அதன் பிடியைத் தடுக்க முடியவில்லை. உலகம் முழுவதும் வீட்டுக்கு வீடு படுத்துவிட்டதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருந்தது. நெதர்லாந்தில் இந்தக் காய்ச்சல் வருவதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைச் சோதித்தார்கள். 70 வயதைத் தாண்டியவர்கள் சிலருடைய ரத்தத்தில் மட்டும் இந்தப் புது வைரஸுக்கு எதிர்ப்புப் பொருள் இருந்தது. இதே போன்ற ஒரு வைரஸை அவர்கள் இளமையில் சந்தித்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். உடம்பு அத்தனை ஆண்டுகள் கழித்தும் மறக்கவில்லை!

1968-இல் ஹாங்காங் ஃப்ளூ வந்தபோது நியூராமினிடேஸ் பழையதாகவே இருந்தது. ஹீமக்ளூட்டினின் மட்டும் மாறியிருந்தது. அது ஒன்றே மீண்டும் உலகைச் சுற்றிவரப் போதுமானதாக இருந்தது. நாம் பார்த்த கொரோனாவின் 'ஸ்பைக்' புரதமும் பற்றுவது, சவ்வுகளை இணைப்பது என்ற இதே இரண்டு வேலைகளைத்தான் செய்கிறது.

பெரிய மாற்றம் எப்போதாவதுதான் நடக்கும். சிறு மாற்றங்கள் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஃப்ளூ தடுப்பூசியில் எந்த வைரஸ்களைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை கூடி முடிவு செய்கிறது. பல நாட்டு ஆய்வகங்கள் சேகரித்து அனுப்பும் மாதிரிகளை வைத்துத்தான் அந்த முடிவு. நம் வயதுக்காரர்கள், "போன வருஷம்தான் போட்டாச்சே" என்று விட்டுவிடாமல், இந்த வருஷ ஊசி பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லதுங்க.